கீழ்க்காய்நெல்லியும் ஈரலும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

செங்கண்மாரி கண்ட வீட்டில் முதலில் தேடப்படுவது கீழ்க்காய்நெல்லி. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் இதற்கு விலக்கான ஊர் இல்லை எனலாம். ஊரைவிட்டு வேறிடம் போய்க் கொட்டிலில் குடியிருந்த காலத்திலும், தறப்பாளுக்குப் பின்னால் முளைத்த ஒரு பிடி செடியைப் பிடுங்கி, அம்மியில் அரைத்து, பாலிலோ மோரிலோ கலந்து நோயாளிக்குக் கொடுத்த தாய்மார் ஆயிரக்கணக்கில் உள்ளனர். மருந்துக்கடை இல்லாத இடத்திலும் இந்தச் செடி இருந்தது.

இந்தச் செடியை விஞ்ஞானிகளும் கைவிடவில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளாகச் சென்னையிலும் அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதைச் சோதித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். "எங்கள் முன்னோர் சொன்னது எல்லாம் சரி" என்பவர்களும், "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்பவர்களும் இதைப் பொறுமையாக வாசிக்கவேண்டும். இரண்டு பகுதியினருக்கும் இதில் சிறிது ஏமாற்றம் உண்டு.

செடியை அறிதல்

கீழ்க்காய்நெல்லி மழைக்குப் பின் வளவிலும் வெங்காயப் பாத்தியிலும் வரம்போரத்திலும் தானாக முளைக்கும் ஓராண்டுச் செடி. ஒரு முழ உயரத்தைத் தாண்டுவது அரிது. சிற்றிலைகள் ஒரு காம்பின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும். காம்பைப் புரட்டிப் பார்த்தால் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் கீழ்ப்புறமாகத் தொங்கும். பெயரே அதனால் வந்தது.

ஆனால் இப்படித் தோற்றமளிக்கும் செடி ஒன்றல்ல. பில்லாந்தசு என்னும் ஒரே சாதியில் பல இனங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. தண்டு சிவந்த ஓர் இனம் உண்டு. சிங்கள மக்கள் பிட்டவக்கா என்று அழைத்து மருந்துக்கு எடுப்பது பெரும்பாலும் வேறோர் இனம். பழைய மருத்துவ நூல்களில் பில்லாந்தசு நிரூரி என்று எழுதப்பட்ட செடி உண்மையில் பில்லாந்தசு அமாரசு என்பது பின்னரே தெளிவாயிற்று. தாவரவியலாளருக்கே இந்தக் குழப்பம் இருந்தது என்றால், சந்தையில் காயவைத்துக் கட்டி விற்கும் ஒரு பிடிக்குள் எத்தனை இனம் கலந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இது சிறிய விடயமல்ல. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் போனதற்குக் கூறப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று.

கண் ஏன் மஞ்சளாகிறது?

ஈரல் வலது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் உறுப்பு. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. உண்ட உணவைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது, இரத்தம் உறைவதற்கான புரதங்களை ஆக்குவது, பித்தத்தைச் சுரப்பது ஆகியவை அதன் வேலைகள்.

எமது இரத்தத்தின் செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அவை அழியும்போது பிலிருபின் என்னும் மஞ்சட் பொருள் உண்டாகிறது. ஈரல் அதை வாங்கிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடும். ஈரல் பழுதுபட்டாலோ, பித்தக்குழாய் அடைபட்டாலோ, செங்குருதிக் கலங்கள் அளவுக்குமீறி அழிந்தாலோ, அந்த மஞ்சள் இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகிறது.

ஆகவே செங்கண்மாரி என்பது ஒரு நோயின் பெயரல்ல. அது ஓர் அடையாளம். புகை தெரிந்தால் எங்கோ நெருப்பு உண்டு. ஆனால் எரிவது குப்பையா கூரையா என்பதைப் புகையைப் பார்த்து மட்டும் சொல்லமுடியாது. அசுத்தமான நீரால் வரும் ஈரலழற்சி ஏ, இரத்தத்தாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் பரவும் ஈரலழற்சி பி, வயலில் தொற்றும் எலிக்காய்ச்சல், கசிப்பு, அளவுமீறிய பனடோல், பித்தக்கல், புற்றுநோய் ஆகிய எல்லாமே கண்ணை மஞ்சளாக்கும். ஒரே செடி இவை அனைத்தையும் மாற்றும் என்று எதிர்பார்ப்பது, வயலில் எந்தப் பயிர் மஞ்சளித்தாலும் யூரியாவை அள்ளி எறிவதற்குச் சமம். தண்ணீர் தேங்கி வேர் அழுகிய பயிருக்கு யூரியா என்ன செய்யும்?

மருந்து போடாத பாத்தி எங்கே?

கமக்காரருக்குப் பரிசோதனை என்பது புதிதல்ல. ஒரு வியாபாரி புதிய திரவ உரம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதைத் தெளித்த வெங்காயம் எப்படி விளைந்திருக்கிறது பாருங்கள்" என்கிறார். விபரம் தெரிந்த கமக்காரர் உடனே கேட்கும் கேள்வி: "தெளிக்காத பாத்தி எங்கே?" அதே மண், அதே விதை, அதே தண்ணீர், உரம் மட்டும் இல்லாத பாத்தி பக்கத்தில் இல்லாவிட்டால், விளைச்சல் உரத்தால் வந்ததா மழையால் வந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது.

செங்கண்மாரியில் இந்தக் கேள்வி மிக மிக முக்கியம். ஏனெனில் எங்கள் கிராமங்களில் பிள்ளைகளுக்கு வரும் செங்கண்மாரியில் பெரும்பகுதி ஈரலழற்சி ஏ. அந்த நோய் ஏறத்தாழ எல்லோருக்கும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானாகவே முற்றாக மாறிவிடும். நூறு பிள்ளைகளுக்குக் கீழ்க்காய்நெல்லி கொடுத்தால் ஏறத்தாழ நூறு பிள்ளைகளும் சுகமடைவார்கள். வெறும் கஞ்சித்தண்ணீர் கொடுத்தாலும் அதே எண்ணிக்கைதான். பரிகாரியார் பொய் சொல்லவில்லை, தாயும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மை. ஆனால் மருந்து கொடாத பாத்தி ஒன்று அவர்களுக்கு இருக்கவில்லை.

மருத்துவ ஆய்வில் அந்தப் பாத்தி இப்படி அமைக்கப்படுகிறது. ஒரே நோயுள்ளவர்களைத் திருவுளச்சீட்டுப் போட்டது போல இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதிக்கு மருந்து. மறுபகுதிக்கு அதே நிறம், அதே அளவுள்ள, மருந்தில்லாத குளிசை. யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் வைத்தியருக்கும் தெரியாது. முடிவில் எண்ணிப் பார்ப்பார்கள். ஆசையும் நம்பிக்கையும் கணக்கில் புகுந்துவிடாமல் இருப்பதற்காகவே இத்தனை கட்டுப்பாடு.

எலியின் ஈரலில் கண்டது

கீழ்க்காய்நெல்லியில் பல இரசாயனச் சேர்வைகள் உள்ளன. அவற்றுள் ஈரல் தொடர்பாக அதிகம் பேசப்படுபவை பில்லாந்தின், ஐப்போபில்லாந்தின் என்னும் இரண்டு. இவை இலிக்னன் என்ற வகையைச் சேர்ந்தவை. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் ஈரற் கலங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அவற்றின்மீது காபன் நாற்குளோரைட்டு என்னும் நஞ்சையும் கலக்ரோசமைன் என்னும் நஞ்சையும் செலுத்தினார்கள். பில்லாந்தினும் ஐப்போபில்லாந்தினும் சேர்க்கப்பட்ட பாத்திரங்களில் கலங்களின் சேதம் குறைந்திருந்தது.

பின்னர் உயிருள்ள எலிகளிலும் இத்தகைய சோதனைகள் பல நடந்தன. முறை எளிது. எலிக்கு நஞ்சு கொடுத்தால் ஈரற் கலங்கள் உடைந்து, அவற்றுள் இருந்த நொதியங்கள் இரத்தத்தில் கசியும். இரத்தத்தில் அந்த நொதியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்தால் ஈரல் எவ்வளவு பழுதுபட்டது என்பது தெரியும். வைத்தியசாலையில் உங்களுக்குச் செய்யும் ஈரற் பரிசோதனையும் இதே அடிப்படையில்தான். செடிச்சாறு பெற்ற எலிகளில் நொதியம் குறைவாக ஏறியது.

எங்கள் நாட்டிலும் இத்தகைய பணி நடந்திருக்கிறது. மலைநாட்டு ஈரவலயத்தில் வளரும் ஈன் போவிட்டியா என்னும் செடியைச் சிங்கள வைத்தியர்கள் செங்கண்மாரிக்குக் கொடுப்பார்கள். 1980களிலும் அதன் பின்னரும் இலங்கை ஆய்வாளர்கள் அதைக் காபன் நாற்குளோரைட்டு கொடுத்த எலிகளில் சோதித்து, ஈரற்பழுது குறைவதைக் கண்டு எழுதியுள்ளனர்.

இவை மதிக்கத்தக்க ஆய்வுகள். ஆனால் இங்கே நின்றுவிட்டு "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள் மூன்று விடயங்களை மறைக்கிறார்கள். முதலாவது, இச்சோதனைகளில் பெரும்பாலானவற்றில் செடிச்சாற்றை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகுதான் நஞ்சு கொடுப்பார்கள். மனிதர் நோய் வந்த பின்னரே மருந்துக்கு வருகிறார். இரண்டாவது, எலிக்கு வந்தது காபன் நாற்குளோரைட்டு, உங்கள் பிள்ளைக்கு வந்தது வைரசு. மூன்றாவது, எலியின் உடல் எடைக்குக் கொடுத்த அளவை மனிதருக்குப் பெருக்கினால், ஒரு நாளைக்கு ஒரு பிடியல்ல, ஒரு கட்டே தேவைப்படலாம்.

இன்னொரு நுணுக்கம். பில்லாந்தின் நீரில் இலகுவில் கரையாது, கொழுப்போடு சேரக்கூடியது. செடியை அவித்து வடித்த நீரில் அது அதிகம் இறங்காது. முழுச் செடியையும் அரைத்துப் பாலில் கலந்து விழுங்கச் சொன்ன முன்னோரின் முறையில் ஏதோ விவேகம் இருந்திருக்கலாம் என்று எனக்கு எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அது எண்ணம் மட்டுமே, நிரூபணம் அல்ல.

சென்னையில் எழுந்த நம்பிக்கை

ஈரலழற்சி பி வைரசைக் கண்டறிந்தவர் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் புளூம்பேர்க். அதற்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிலடெல்பியாவில் இருந்த அவரது குழுவில் சென்னையைச் சேர்ந்தவர்களும் தொடர்புபட்டிருந்தனர். செங்கண்மாரிக்குத் தமிழர் கொடுக்கும் செடி அவரது ஆய்வுகூடத்துக்குச் சென்றது. 1987இல் வெளியான கட்டுரையில், செடிச்சாறு சோதனைக் குழாயில் வைரசு பெருகுவதற்குத் தேவையான நொதியம் ஒன்றைத் தடுக்கிறது என்றும், இதையொத்த வைரசு தொற்றிய அமெரிக்க நிலவணில்கள் சிலவற்றில் வைரசு குறைந்தது என்றும் அக்குழு எழுதியது.

அடுத்த ஆண்டு, 1988இல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் புளூம்பேர்க் குழுவினரும் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் மனிதரிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். ஈரலழற்சி பி வைரசை நீண்டகாலம் உடலில் சுமந்து திரிபவர்களே இதில் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்குக் காயவைத்து இடித்த செடித்தூள் 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று தடவை, 30 நாட்கள் கொடுக்கப்பட்டது. மறுபகுதியினருக்கு மருந்தில்லாத குளிசை. மருந்து முடிந்து 15 முதல் 20 நாட்களின் பின் இரத்தம் பார்த்தபோது, செடி பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேற்புறப் புரதம் காணப்படவில்லை. மறுபகுதியில் 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு இருந்தது. நூற்றுக்கு 59க்கு எதிரே நூற்றுக்கு 4.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. கோடிக்கணக்கானோர் சுமக்கும் வைரசு, தெருவோரச் செடியால் ஒரு மாதத்தில் நீங்குமென்றால் யார்தான் மகிழமாட்டார்?

ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு வயலில் விளைந்தது போதாது. வேறு வயலிலும், வேறு கையாலும் விளையவேண்டும். 1990இலும் 1991இலும் தாய்லாந்தில் இரண்டு குழுக்கள் தங்கள் நாட்டில் வளர்ந்த அதே இனத்தைக் கொடுத்துப் பார்த்தன. வைரசு நீங்கவில்லை. 1994இல் நியூசிலாந்து ஆய்வும் மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடு காணவில்லை. மண், பருவம், பறித்த காலம், காயவைத்த முறை ஆகியவற்றால் செடியின் வீரியம் மாறுபடும் என்று ஒரு விளக்கம் கூறப்பட்டது. அது நியாயமான ஐயம். ஆனாலும், இடத்துக்கு இடம் இப்படி மாறும் பொருளை ஒரு நோயாளி நம்பி இருக்கமுடியாது என்பதும் அதிலிருந்தே புலப்படுகிறது. 2011இல், அதுவரை கிடைத்த 16 ஆய்வுகளைக் கொக்கிரேன் என்னும் சர்வதேச அமைப்பினர் ஒன்றாகச் சேர்த்து நிறுத்துப் பார்த்தனர். நீண்டகால ஈரலழற்சி பி நோய்க்கு இச்செடி பயன்தருகிறது என்று கொள்ள நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே அவர்களது முடிவு.

புதிதாக வந்த செங்கண்மாரிக்கு, அதாவது நாங்கள் வழமையாகக் கொடுக்கும் நோய்க்கு, என்ன சான்று? கேரளத்தில் செய்யப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், கடும் வைரசு ஈரலழற்சி உள்ளவர்களுக்குச் செடித்தூளைக் கொடுத்துப் பார்த்தனர். நோய் நீடித்த காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான்: கீழ்க்காய்நெல்லியில் ஈரற் கலங்களைக் காக்கும் இயல்புள்ள சேர்வைகள் இருப்பது உண்மை. அச்சேர்வைகள் மனிதரின் நோயை மாற்றுகின்றன என்பது இன்றுவரை காட்டப்படவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கமுடியும்.

ஐரோப்பாவின் செடியும் அதே கதை

இது எங்கள் செடிக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல. மருந்துக்கடைகளில் ஈரலுக்கென்று விற்கப்படும் சிலிமாரின் குளிசை, ஐரோப்பாவில் வளரும் ஊதாப்பூ முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. 1989இல் ஈரல் சுருங்கிய 170 பேரிடம் செய்த ஒசுத்திரிய ஆய்வில், நான்கு ஆண்டுகளின் பின் சிலிமாரின் பெற்றவர்களில் நூற்றுக்கு 58 பேரும், பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேரும் உயிருடன் இருந்தனர். பெரிய வேறுபாடுதான். ஆனால் 1998இல், குடியால் ஈரல் சுருங்கிய 200 பேரிடம் செய்த இசுப்பானிய ஆய்வில் எந்த வேறுபாடும் இல்லை. 2012இல், ஈரலழற்சி சி உள்ள 154 பேருக்கு வழமையைவிட மிகக்கூடிய அளவு கொடுத்த அமெரிக்க ஆய்விலும் பயன் இல்லை. ஐரோப்பாவில் நச்சுக் காளான் உண்டவர்களுக்கு இச்சேர்வையை ஊசிவழி ஏற்றுகிறார்கள். அது வேறு நிலைமை.

குடிப்பழக்கம் உள்ள கணவருக்காக விலைகொடுத்து இக்குளிசையை வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். குடி தொடரும்வரை அந்தப் பணம் வீண். குடியை நிறுத்தினால் ஈரல் எவ்வளவு தேறும் என்பது எந்தக் குளிசையிலும் கிடைக்காத அளவு.

ஈரலைக் கெடுக்கும் செடிகளும் உண்டு

"மூலிகைதானே, நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது" என்ற பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். இதைப்போல ஆபத்தான பேச்சு வேறில்லை.

கிலுகிலுப்பைச் செடிகளிலும் தேள்கொடுக்குச் செடியிலும் பைரோலிசிடின் அற்கலொயிட்டு என்னும் சேர்வைகள் உண்டு. அவை ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். வயிறு நீர்கோத்து வீங்கும். 1975ஆம் ஆண்டளவில் மத்திய இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் இப்படி 67 பேர் நோயுற்றனர், அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை இனம் ஒன்றின் விதை கலந்திருந்தது. அதே காலத்தில் ஆப்கானித்தானில், இரண்டு ஆண்டு வரட்சிக்குப் பின் விளைந்த கோதுமையில் தேள்கொடுக்கு இனத்துக் களைவிதை கலந்து, பல கிராமங்கள் பாதிக்கப்பட்டன. வரட்சி, பஞ்சம், இடப்பெயர்வு ஆகிய காலங்களில் தானியத்தைப் புடைக்கவும் தெரிந்தெடுக்கவும் யாருக்கும் நேரமோ மனமோ இருப்பதில்லை. அப்போதுதான் இப்படி நடக்கிறது.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர்சகுலரட்ன முதலானோர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், எமது நாட்டு வைத்தியத்தில் பயன்படும் கிலுகிலுப்பை போன்ற சில செடிகளில் இந்த நச்சுச் சேர்வைகள் இருப்பதையும் அவை எலியின் ஈரலைக் கெடுப்பதையும் காட்டினர். நெல் வெட்டிய வயலில் பசளைக்காக விதைக்கும் சணலும் கிலுகிலுப்பையின் இனத்தைச் சேர்ந்ததே. உழுது புரட்டுவதற்கு அது அருமையான செடி. அதன் விதை பயற்றோடோ குரக்கனோடோ கலந்து அடுப்புக்கு வரக்கூடாது.

சமீப காலத்திலும் பாடங்கள் உண்டு. கொரோனாத் தொற்றுக் காலத்தில் சீந்தில் கொடியைத் தினமும் அவித்துக் குடித்தவர்கள் சிலருக்கு ஈரலழற்சி வந்ததை மும்பை வைத்தியர்கள் 2021இல் அறிவித்தனர். மஞ்சளின் சேர்வையைச் செறிவாக்கி மிளகுச் சேர்வையும் கூட்டி விற்கும் குளிசைகளால் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஈரல் பழுதுற்றவர்கள் உண்டு. கறிக்குப் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்படவேண்டியதில்லை.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது?

கண் மஞ்சளித்த ஒருவரை முதலில் வைத்தியரிடம் காட்டி, இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, எந்த நோய் என்று அறிந்துகொள்ளுங்கள். ஈரலழற்சி ஏ என்று தெரிந்து, நோயாளி உண்ணவும் நடமாடவும் கூடிய நிலையில் இருந்தால், சில நாட்கள் சிறிதளவு கீழ்க்காய்நெல்லி கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன். மேலே கூறிய ஆய்வுகளில் இச்செடியால் பெரிய தீங்கு ஏற்பட்டதாகக் காணப்படவில்லை. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கவேண்டாம். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ குளிசை எடுப்பவர்கள் கிளினிக்கில் சொல்லிவிட்டே குடிக்கவேண்டும். கிருமிநாசினி தெளித்த வெங்காயத் தோட்டத்திலும், மலசலகூடத்துக்கு அருகிலும், தெருவோரத்திலும் பிடுங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றப்படாத காணியில் மூலிகை தேடி இறங்கவேண்டாம் என்பதைச் சொல்லாமலே அறிவீர்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பச்சைச் செடியைக் கிணற்றுத் தண்ணீர் விட்டு அரைத்துக் கொடுக்கிறோம். அந்தத் தண்ணீரே நோயைக் கொண்டுவந்த தண்ணீராக இருந்தால்? செடியை நன்றாகக் கழுவி, கொதித்தாறிய நீரில் அரைத்து, காய்ச்சிய பாலில் கலவுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் பிள்ளைகளைப் பட்டினி போடுவதும் எங்களிடம் உள்ள வழக்கம். எண்ணெய், மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் கஞ்சியும் இளநீருமாக மாதக்கணக்கில் வைத்திருப்பதால் ஈரல் விரைவில் தேறுகிறது என்பதற்குச் சான்று இல்லை. குமட்டல் உள்ள நாட்களில் நோயாளிக்குப் பிடித்ததைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பசி திரும்பியதும் வழமையான சாப்பாட்டைக் கொடுங்கள். நிறுத்தவேண்டியவை மதுபானமும், வைத்தியர் சொல்லாத மருந்துகளுமே. காய்ச்சலுக்குப் பனடோல் கொடுப்பதாயின் எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பதை வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். அளவுமீறிய பனடோல் நல்ல ஈரலையே அழிக்கவல்லது.

ஈரலழற்சி ஏ வராமல் தடுப்பதில் சான்று மிகத் தெளிவானது. 2009இல் வவுனியா செட்டிகுளம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் நெருக்கமாகத் தங்கியிருந்தபோது இந்நோய் பெருமளவில் பரவியது. நீரும் மலசலகூடமும் போதாத இடத்தில் அது பரவாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஒரு நிமிடம் கொதித்த நீரில் இந்த வைரசு உயிர்வாழாது. சவர்க்காரம் போட்டுக் கைகழுவுதல், கிணற்றுக்குக் குளோரீன் இடுதல், மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து விலக்கி வெட்டுதல் ஆகியவை எந்தச் செடியையும்விடப் பயன்தந்தவை. ஈரலழற்சி பிக்கு 2003 முதல் இலங்கையில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டு வருகிறது. இடம்பெயர்ந்த காலத்தில் அட்டை தொலைந்து, ஊசி தவறிய பிள்ளைகள் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஈரலழற்சி பி உள்ளவர்களுக்கு வைரசைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளும், ஈரலழற்சி சியை முற்றாக மாற்றும் மாத்திரைகளும் இன்று உண்டு. அவை "மருந்து போடாத பாத்தி"யோடு ஒப்பிட்டுத் தேறியவை.

காத்திருக்கக்கூடாத நோயாளிகள்

நெல் வயலில் இறங்குபவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் இருந்து, காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாகக் கிருமி புகுகிறது. 2008இல் இலங்கையில் 7000க்கு மேற்பட்டோர் இந்நோய் ஐயத்தில் பதிவாகினர். 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின், யாழ்ப்பாணத்தில் சிலர் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தபோது, அதற்குக் காரணம் எலிக்காய்ச்சலே என்று கண்டறியப்பட்டது. கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தாங்கமுடியாத நோவு, கண் சிவத்தல் என்று தொடங்கி, சிலருக்கு ஓரிரு நாட்களில் கண் மஞ்சளித்துச் சிறுநீரும் குறைந்துவிடும். இதற்கு அன்ரிபயோட்டிக் மருந்து உண்டு. முதல் நாட்களில் கொடுத்தால் பெரும்பாலும் சுகப்படும். அந்த முதல் நாட்களைத்தான் "செங்கண்மாரிதானே, மூன்று நாள் கீழ்க்காய்நெல்லி குடிக்கட்டும்" என்று நாம் செலவழித்துவிடுகிறோம். செடி அவரைக் கொல்லவில்லை, அந்த மூன்று நாள் கொல்கிறது.

ஈரலழற்சியில் காய்ச்சல் இருந்தாலும், கண் மஞ்சளாகும்போது அது பெரும்பாலும் தணிந்துவிடும். மஞ்சளோடு கடும் காய்ச்சலும் சேர்ந்து நின்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நோயாளி மயக்கமாகப் பேசினாலும், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலும், முரசிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலும், நிற்காமல் வாந்தி எடுத்தாலும், வயிறு வீங்கினாலும், கர்ப்பிணியாக இருந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. பிறந்து இரண்டு வாரம் கடந்த குழந்தையின் மஞ்சள் மாறாமல் மலமும் வெள்ளையாகப் போனால், அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்குச் சத்திரசிகிச்சை பிறந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும்.

வைத்தியசாலையில் மூலிகை குடித்ததை மறைக்கவேண்டாம். ஏசுவார்கள் என்ற பயத்தில் பலர் சொல்வதில்லை. குடித்த செடியில் ஒன்றைப் பிடுங்கி, வேரோடும் காயோடும் ஒரு பையில் கொண்டுபோங்கள். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வயலில் இறங்கும் கமக்காரருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இலவசமாக வழங்குகிறது. கிழமைக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின் எடுக்கவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுபிள்ளைகளும் அதை எடுக்கக்கூடாது. பொதுச்சுகாதாரப் பரிசோதகரிடம் உங்கள் கமக்காரர் அமைப்பின் பெயர்ப் பட்டியலை வயலில் இறங்குவதற்கு முன்னரே கொடுத்துவையுங்கள்.